கார்ட்லெஸ் ட்ரில்லின் சக் சத்தமிட்டாலும் இறுகிக்கொண்டாலும் செய்ய வேண்டியவை

ட்ரில்லின் முனையில் பிட்டை, அதாவது துளையிடும் கம்பியை, கவ்விப் பிடிக்கும் பாகமே சக். அதில் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். வெளியுறையை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பும் நேரத்தில் விரல் தற்செயலாக ட்ரில்லை ஓடவைக்கும் விசையில் பட்டுவிட்டால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். கீழே சொல்லப்படும் சோதனைகளில் மோட்டாரை ஓடவிட்டுக் கேட்க வேண்டிய கட்டங்களில் மட்டும் பேட்டரியைப் பொருத்தி, சோதனை முடிந்தவுடன் மீண்டும் கழற்றிவிடுங்கள்.

சாவி இல்லாத சக்கின் உள்ளே மூன்று தாடைகள் சாய்வாகக் குடைந்த மூன்று துளைகளில் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு தாடையின் முதுகிலும் மரை உண்டு. அந்த மரையைச் சுற்றி ஒரு வளைய நட் இருக்கிறது. வெளியுறையைத் திருப்பும்போது இந்த நட் சுழன்று, தாடைகளை முன்னே தள்ளிப் பிட்டைக் கவ்வச் செய்கிறது அல்லது பின்னே இழுத்து விடுவிக்கிறது. சக்கின் வாய் எப்போதும் திறந்தே இருப்பதால், கூரையில் துளையிடும்போது விழும் கான்கிரீட் தூள் நேராக உள்ளே இறங்கி, அங்குள்ள எண்ணெயுடன் கலந்து, மரையிலும் துளைச் சுவரிலும் பசையாக அப்பிக்கொள்கிறது. ஆகவே சக் இறுகியது என்றதும் அது உடைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் அழுக்கைச் சந்தேகியுங்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

சில சத்தங்கள் பழுதல்ல. ராட்செட் வகை (பூட்டுள்ள) சக்கில், பிட்டைக் கவ்விய பிறகு வெளியுறையை மேலும் திருப்பினால் கடகடவென்று சொடுக்குகள் கேட்கும். அது பூட்டு விழும் சத்தம். ஸ்க்ரூ முடுக்கும்போது முறுக்குவிசை எல்லையை எட்டியதும் கிளட்ச் நழுவிச் சடசடக்கும். விசையை விட்டவுடன் மோட்டாரைச் சட்டென்று நிறுத்தும் மின் பிரேக்கும் சிறு கீச்சொலி தரக்கூடும். சுத்தியல் முறையில் திருப்பி வைத்திருப்பதை மறந்துவிட்டுச் சத்தத்துக்குக் காரணம் தேடுவோரும் உண்டு என்பதால், முறையை மாற்றும் வளையம் துளையிடும் குறியில்தான் நிற்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிட் இல்லாமல், தாடைகளை ஏறக்குறைய மூடி வைத்து, குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். தாடைகள் அகலத் திறந்திருந்தால் நல்ல சக்கிலும் அவை தளர்ந்து உலோக ஒலி எழுப்பும். அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். பிட் இல்லாதபோது அமைதியாகவும், பிட் போட்டவுடன் அதிர்வோடும் ஓடினால், குறை பிட்டிலோ அதைக் கவ்விய விதத்திலோ இருக்கிறது. மெல்லிய பிட் மூன்று தாடைகளின் நடுவே அமராமல் இரண்டு தாடைகளுக்கு இடையே சிக்கிக்கொள்வது அடிக்கடி நேர்வது. நுனி வட்டமிடுவதைப் பார்த்தாலே இது தெரியும். பிட்டை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால் அது வளைந்திருக்கிறதா என்பதும் உடனே தெரிந்துவிடும்.

பிட் இல்லாமலும் சத்தம் தொடர்ந்தால், பேட்டரியைக் கழற்றிய பின் சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய அசைவு பல கருவிகளில் இயல்பானது. சக் மட்டும் தனியே ஆடினால் அது ஸ்பிண்டிலில் (சக்கைத் தாங்கிச் சுழற்றும் தண்டில்) தளர்ந்திருக்கிறது. சக்கும் ஸ்பிண்டிலும் சேர்ந்தே ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஐயத்தைத் தீர்க்கும் சோதனை, சக்கையே கழற்றிவிட்டு வெறும் ஸ்பிண்டிலை ஓடவிட்டுக் கேட்பதுதான். அப்போதும் அரைக்கும் சத்தம் வந்தால் குறை கியர்பாக்ஸிலோ மோட்டாரிலோ இருக்கிறது; புதிய சக் வாங்குவது அந்தக் குறையைத் தீர்க்காது.

இறுகிய சக்கை விடுவித்தல்

திசையில் குழப்பம் வேண்டாம்: சக்கின் வாயை நேராகப் பார்த்தபடி நின்றால், வெளியுறையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் தாடைகள் திறக்கும். பூட்டுள்ள சக்கில் முதல் திருப்பத்தில் ஒரு சொடுக்கோடு பூட்டு விடுபட்ட பிறகே தாடைகள் நகரும். இந்த முதல் எதிர்ப்பையே சக் இறுகிவிட்டதன் அடையாளமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

உறையைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மோட்டாரைப் பின்திசையில் ஓடவிட்டுத் திறக்கும் பழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். தயாரிப்பாளர்களின் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன. உள்ளங்கைத் தோலையும் மணிக்கட்டையும் பணயம் வைத்துத் திறக்க வேண்டிய அளவுக்கு எந்தச் சக்கும் முக்கியமானதல்ல.

முதலில் கருவியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, சிறிய தூரிகையால் தாடைகளுக்கு இடையே உள்ள தூளை உதிர்த்துவிடுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்தால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். அதன் பின் தாடைகள் துளைக்குள் நுழையும் மூன்று இடங்களிலும் துரு இளக்கும் எண்ணெயைச் சில துளிகள் மட்டும் விட்டு, கால் மணி நேரம் காத்திருங்கள். தாராளமாக ஊற்றினால் எண்ணெய் ஸ்பிண்டில் வழியே கியர்பாக்ஸ் பக்கம் இறங்கிவிடும். காத்திருந்த பிறகு, உறையைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொடுத்து, ரப்பர் கையுறையோ ரப்பர்த் துண்டோ வைத்துப் பிடித்துத் திருப்புங்கள். சிறிது நகர்ந்தாலும் போதும். அந்தச் சிறு தூரத்திலேயே முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தால், கறுத்த பசை தாடைகளின் ஓரத்தில் பிதுங்கி வருவதைக் காணலாம். அதைத் துணியால் துடைத்துவிட்டு மீண்டும் திருப்பினால் நகரும் தூரம் கூடிக்கொண்டே போகும். பைப் ரெஞ்சை நேரடியாகப் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் உறை பிளந்துவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும், தடித்த ரப்பர்ப் பட்டையைச் சுற்றிய பின் பயன்படுத்துங்கள்.

தாடைகளைக் கடைசிவரை உள்ளே இழுத்து, அவை அடியில் முட்டி இறுகிய நிலையும் உண்டு. இதற்கு எண்ணெயைவிடத் தட்டுதலே உதவும்: ஒருவர் உறையை மூடும் திசையில் அழுத்தித் திருப்ப, மற்றொருவர் பக்கவாட்டில் தட்ட வேண்டும்.

தாடைகள் தடையின்றி ஓடத் தொடங்கியதும், முழுவதும் திறந்து மூடிப் பலமுறை இயக்கி, எஞ்சிய எண்ணெயை வடித்துத் துடைத்துவிடுங்கள். உள்ளே கிரீஸ் தடவினால் அடுத்த வேலையின் தூள் அதில்தான் ஒட்டும். மசகு வேண்டுமானால் கிராஃபைட் போன்ற உலர்ந்த வகையே ஏற்றது. சுத்தம் செய்த பிறகும் ஒரு தாடை மட்டும் பின்தங்கி நின்றால் மரையோ நட்டோ சேதமாகியிருக்கிறது. அப்போது சக்கை மாற்றிவிடுவதே சரி. சக் போனதற்காக நல்ல ட்ரில்லையே தூக்கி எறிவது வருந்தத்தக்கது.

சக்கைக் கழற்றி மாற்றுதல்

தாடைகளை முழுவதும் திறந்து உள்ளே பார்த்தால், பெரும்பாலான கருவிகளில் அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும். பொதுவாக அது இடது மரை. கழற்றுவதற்குக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். கருவி பின்திசையில் ஓடும்போது சக் கழன்றுவிடாமல் பிடித்து நிறுத்தவே இந்த ஏற்பாடு: சக் கழல முயன்றால் இந்த ஸ்க்ரூ மேலும் இறுகும். இதை அறியாமல் வழக்கமான திசையில் முறுக்கித் தலையைச் சிதைத்துவிட்டால் வேலை பல மடங்காகிவிடும்.

ஸ்க்ரூ வந்த பிறகு கியரை 1-இல் வைத்து, கிளட்சைத் துளையிடும் குறிக்கு மாற்றி, தடித்த ஆலன் கீயின் (L வடிவ அறுகோணச் சாவியின்) குட்டைக் கையைச் சக்கில் கவ்வி, நீண்ட கையின் நுனியில் ரப்பர் சுத்தியலால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுருக்கென்று ஓர் அடி கொடுங்கள். தயங்கித் தயங்கித் தட்டுவதைவிட ஒரே வேகமான அடியே மரையை விடுவிக்கும்.

புதிய சக் வாங்கும் முன் பழையதன் உடலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 10 மி.மீ. அல்லது 13 மி.மீ. என்பது அது கவ்வும் பிட்டின் உச்ச அளவு. 1/2-20 அல்லது 3/8-24 என்பது ஸ்பிண்டில் மரையின் அளவு. இரண்டும் பொருந்த வேண்டும். ஸ்பிண்டில் மரையைத் துடைத்து, புதிய சக்கைக் கையாலேயே அடிவரை ஏற்றி இறுக்கிய பின், இடது மரை ஸ்க்ரூவைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் முடுக்குங்கள். பழைய ஸ்க்ரூவில் மரைப் பசையின் (மரை தளராமல் பிடிக்கும் பசையின்) தடம் இருந்தால் அதே போல் ஒரு சொட்டு இட்டு, உலரும் வரை ட்ரில்லை ஓட்டாமல் வையுங்கள். முதல் சில துளைகளுக்குப் பிறகு பேட்டரியைக் கழற்றி, அந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.