பெரிய மென்பொருளைக் கூட்டாகப் பொதியாக்கும் முறை

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்காகச் சிறிய கட்டளைக் கருவி ஒன்றைப் பொதியாக்க, அதாவது எளிதாக நிறுவக்கூடிய வடிவில் தொகுக்க, ஒருவர் போதும். நிரல்களைச் சேமித்துக் கூட்டாக உருவாக்க உதவும் கிட்லேப் போன்ற பெரிய வலைச்செயலி என்றால் நிலைமை வேறு. டெபியனின் கட்டுமானக் கணினிகளில் பொதி உருவாகும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்கிக்கொள்ள முடியாது என்பதால், அந்தச் செயலி சார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்கள் (பிற செயலிகள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) முன்கூட்டியே பொதிகளாக இருந்தாக வேண்டும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று வடசென்னையில் ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு, வேலை முடிந்து வந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் இதைச் செய்ய விரும்பும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் உட்கார்ந்து சார்புப் பட்டியலை முழுமையாக எழுதுங்கள். டெபியனில் ஏற்கெனவே இருப்பவை, பழைய பதிப்பில் இருப்பவை, இல்லவே இல்லாதவை என்று பிரித்துக்கொண்டு, வேறு எதையும் சாராத கடைசி நிரலகங்களிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடுப்பவர் முதலில் டெபியனின் வழுப் பதிவகத்தில் ‘இதைப் பொதியாக்கப் போகிறேன்’ என்று தெரிவிக்கும் ‘ஐடிபி’ எனப்படும் அறிவிப்பைப் பதிய வேண்டும். இல்லையென்றால் வேறொரு நாட்டில் ஒருவர் அதே நிரலகத்தில் உழைத்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். நமக்குள் தமிழில் பேசிக்கொள்ளலாம், ஆனால் வழுப் பதிவுகளையும் ஒவ்வொரு நிரல் மாற்றத்தோடும் எழுதும் கமிட் செய்திகளையும் மற்ற நாட்டுப் பங்களிப்பாளர்களும் படிப்பதால் அவற்றை ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது உரிமச் சோதனைக்குத்தான். மூலநிரலின் முகப்பில் எம்ஐடி உரிமம் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடக் கூடாது. பிறருடைய நிரல்களை வைத்திருக்கும் ‘வெண்டர்’ என்ற கோப்புறையைத் திறந்தால், ஒரே வரியாகச் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று, அதன் மூல வடிவம் இல்லாமல், வேறொருவரின் பதிப்புரிமையோடு கிடக்கும். மூலநிரல் இல்லாத எதையும் டெபியனின் முதன்மைக் களஞ்சியம் ஏற்காது. ஆகவே ‘காப்பிரைட்’ கோப்பில் ‘பைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்’ என்ற புலத்தில் அதைக் குறித்தால், ‘யூஸ்கேன்’ கருவி அந்தக் கோப்பை நீக்கி மூலத்தை மறுபடி கட்டித் தரும். செயலிக்கு அந்தக் கோப்பு தேவையென்றால், டெபியனில் தனிப் பொதியாக உள்ள அதே நிரலகத்தை இணைக்க வேண்டும். புதுப் பொதிகள் அனைத்தும் களஞ்சியக் குழுவினரின் பார்வைக்குப் போகின்றன. அவர்கள் உரிமங்களைக் கவனமாகப் பார்க்கிறார்கள் என்பதால், இங்கே காட்டும் அவசரம் பின்னால் பல வாரத் தாமதமாகத் திரும்பி வரும்.

பொதிகளின் நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியங்கள் எல்லாம் டெபியனின் சால்சா தளத்தில், ஒரே கிளை அமைப்போடு இருக்கட்டும். பொதியின் மாற்றங்களைப் பட்டியலிடும் ‘சேஞ்ச்லாக்’ கோப்பை ஆளாளுக்குத் திருத்தினால் கிளைகளை இணைக்கும்போதெல்லாம் மோதல் வரும். பதிவேற்றத்துக்கு முன் ஒருவர் மட்டும் ‘ஜிபிபி டிசிஎச்’ கட்டளையால் கமிட் செய்திகளிலிருந்து அதை உருவாக்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் எண்ணூர்ப் பக்கம் மின்சாரம் நின்றால் ஒருவருடைய கணினியில் மட்டும் இருக்கும் வேலை எவருக்கும் பயன்படாது, அதனால் அரைகுறையாக இருந்தாலும் தனிக் கிளையில் அன்றன்றே ஏற்றிவிடுங்கள்.

பதிப்புச் சிக்கலில்தான் குழுவின் உண்மையான உழைப்பு தெரியும். செயலி ஒரு ஜெம்மின் (ரூபி நிரலகத்தின்) 1.2 முதல் 2.0க்குக் கீழ்ப்பட்ட பதிப்பு வரைதான் கேட்கிறது, டெபியனிலோ 2.0 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரம்பைத் தளர்த்தும் பேட்ச் (திருத்தக் கோப்பு) ஒன்றை எழுதி, சோதனைகள் அனைத்தையும் ஓட்டிப் பார்த்து, அதையே மூல ஆசிரியர்களுக்கும் அனுப்பி, அனுப்பிய விவரத்தைப் பேட்சின் தலைப்பில் குறிக்க வேண்டும். மாறாக நமக்காக ஒரு நிரலகத்தின் பதிப்பை உயர்த்தினால், அதைச் சார்ந்துள்ள பிறர் பொதிகள் உடையக்கூடும். அவற்றையும் மறுபடி கட்டிப் பார்த்துவிட்டு, முதலில் சோதனைக்கான ‘எக்ஸ்பெரிமெண்டல்’ பகுதியில் ஏற்றுவதே முறை.

சொந்தக் கணினியில் கட்ட முடிந்தது என்பது போதாது. ‘எஸ்பில்டு’ மூலம் தூய சூழலில் கட்டி, பொதிகளைச் சோதிக்கும் ‘லின்டியன்’ கருவி சொல்லும் பிழைகளைத் தீர்த்த பின்னரே, உங்கள் சார்பில் பதிவேற்றக்கூடிய டெபியன் உருவாக்குநரை அணுகுங்கள். ‘கன்ட்ரோல்’ கோப்பில் பராமரிப்பாளராகக் குழுவையும், ‘அப்லோடர்ஸ்’ வரியில் அந்தப் பொதியை உண்மையில் கவனிப்பவர்களையும் எழுதி, யாரேனும் விலகினால் அடுத்த பதிவேற்றத்திலேயே அவர் பெயரை எடுத்துவிடுங்கள்.