செம்மண் தோட்டத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாகக் காய்கறி போடுபவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பின்கட்டைத் தாண்டினால் இரண்டு மூன்று சென்ட் நிலம் சும்மா கிடக்கும் வீடுகள் நிறைய உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அந்த இடத்தில் காய்கறி போட விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்பதுதான். நம் ஊரில் மழை எந்த மாதம் பெய்யும் என்று தெரிந்த புத்தகமாக வாங்குங்கள் என்பேன். அட்டையும் வண்ணப் படங்களும் அதற்கு அப்புறம்.

முதல் படி: நிலத்தைப் படியுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். நிலம் எத்தனை சென்ட் (ஒரு சென்ட் 435.6 சதுர அடி), தண்ணீர் கிணற்றிலா குழாயிலா, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நிழல் விழுகிறது, மண் எப்படி.

மண்ணைப் பார்க்க ஒரு முழம் தோண்டினால் போதும். இங்கே பல இடங்களில் மேலே செம்மண் இருக்கும். கொஞ்சம் இறங்கியதும் சரளை வந்து கடப்பாரை 'ணங்' என்று நிற்கும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், சத்தும் குறைவு. இப்படிப்பட்ட மண்ணுக்கு மக்கிய எருவையும் மூடாக்கையும் (மண்ணை இலைதழையால் மூடி வைப்பது) பற்றி விரிவாகப் பேசும் புத்தகம் வேண்டும். "நல்ல வளமான மண்ணில் விதைக்கவும்" என்று ஒரே வரியில் தாண்டிப் போகும் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: கத்தரிக்காய்ப் பக்கத்தைத் திறங்கள்

முன்னுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். கத்தரியைச் சொல்வதற்குக் காரணம், அதில் நாற்றுவிடுவது, பறித்து நடுவது, இடைவெளி, உரம், பூச்சி எல்லாமே வந்துவிடும். அந்தப் பக்கத்தை ஒழுங்காக எழுதியவர் மற்றதையும் ஒழுங்காக எழுதியிருப்பார் என்று நம்பலாம்.

நாற்றங்காலில் எத்தனை நாள் என்று சொல்லியிருக்கிறாரா? ஏறக்குறைய 30 நாள் என்றிருந்தால் சரி. செடிக்குச் செடி எவ்வளவு? 60 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். நெருக்கி நட்டால் காற்றோட்டம் போய்விடும்.

முக்கியமாகத் தண்டு, காய்த் துளைப்பானைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். கத்தரி போடுகிறவர் இந்தப் புழுவைச் சந்திக்காமல் இருக்க முடியாது. செழிப்பாக நிற்கும் செடியில் ஒரு குருத்து மட்டும் வாடித் தலை தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் புதியவர்கள் மேலும் ஊற்றுவார்கள். அந்தக் குருத்தைக் கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே வெளிர் சிவப்பு நிறத்தில் ஒரு புழு இருக்கும். வாடிய குருத்தை அதற்குக் கீழே வரை வெட்டி அழிக்க வேண்டும், ஓட்டை விழுந்த காய்களைத் தோட்டத்தில் போட்டு வைக்கக் கூடாது என்று சொல்கிற புத்தகம் நம்பத் தகுந்தது. "பூச்சி தாக்கினால் மருந்து தெளிக்கவும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிற புத்தகத்தால் உங்களுக்குப் பயனில்லை.

மூன்றாம் படி: மாதத்தைச் சரிபாருங்கள்

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நாம் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியிருப்பவர்கள். ஐப்பசி, கார்த்திகையில்தான் கண்மாயும் ஊருணியும் நிரம்ப வேண்டும். கேரளத்தை மனத்தில் வைத்து எழுதிய புத்தகம் ஜூன் மழையை நம்பி நடச் சொல்லும். பிரிட்டிஷ் புத்தகமோ கடைசி உறைபனி போன பிறகு நடச் சொல்லும். அங்கே 'அலாட்மென்ட்' என்று வாடகைக்குக் கிடைக்கும் தோட்டத் துண்டின் வழக்கமான முழு அளவு சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட். அந்தப் புத்தகங்களில் கம்போஸ்ட், பயிர் சுழற்சி பற்றிய அத்தியாயங்கள் அருமையாக இருக்கும், அவற்றைத் தாராளமாகப் படியுங்கள். விதைப்பு அட்டவணையை மட்டும் தொடாதீர்கள்.

ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று பட்டம் (விதைக்கும் பருவம்) பிரித்துச் சொல்லும் தமிழ்ப் புத்தகம் ஒன்றாவது கையில் இருக்கட்டும். முட்டைக்கோசையும் கேரட்டையும் ஆண்டு முழுக்கப் போடலாம் என்று எழுதியிருந்தால் அது கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ எழுதியது.

பாத்தி பற்றிய பகுதியையும் இப்படியே பாருங்கள். மேட்டுப்பாத்தி அடைமழைக் காலத்தில் வேர் அழுகாமல் காக்கும். சித்திரை வெயிலில் அதே பாத்தி சீக்கிரம் காய்ந்துவிடும், அப்போது பள்ளப் பாத்திதான் ஈரம் காக்கும். இரண்டையும் சொல்கிற நூல் கிடைத்தால் விடாதீர்கள்.

நான்காம் படி: எக்டரைச் சென்டாக்குங்கள்

வேளாண் கையேடுகள் எக்டர் கணக்கில் பேசும். ஒரு எக்டர் ஏறக்குறைய 247 சென்ட். கத்தரிக்கு எக்டருக்கு 25 டன் தொழுவுரம் என்றிருந்தால், ஒரு சென்டுக்கு சுமார் 100 கிலோ. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தால் கையேட்டைக் கண்டு மிரள வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் பளபளப்பான மாடித்தோட்டப் புத்தகங்களைவிட அவற்றில்தான் சரக்கு அதிகம்.

ஐந்தாம் படி: பதிப்பு ஆண்டு

வீட்டு அலமாரியிலும் பழைய புத்தகக் கடையிலும் நல்ல நூல்கள் கிடைக்கும். ஆனால் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கச் சொல்லியிருந்தால் அந்த அத்தியாயத்தை ஒதுக்கிவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2011இல் அதைத் தடைசெய்துவிட்டது. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தையும் காய்கறியில் பயன்படுத்தவே கூடாது. மண், எரு, பாத்தி பற்றிய பழைய அத்தியாயங்கள் இன்றும் செல்லும்.

ஆறாம் படி: எங்கே தேடுவது

முதலில் நூலகம். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் அடுக்கியிருந்தால் 635 என்ற எண்ணில் காய்கறித் தோட்டம், 631இல் மண்ணும் உரமும், 632இல் பூச்சியும் நோயும் இருக்கும். எடுத்துவந்து கத்தரிச் சோதனையை வீட்டில் நிதானமாகச் செய்யுங்கள். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உலர்நில ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. உங்கள் தாளை எடுத்துக்கொண்டு நேரில் போய், "இந்த மண்ணுக்கு எதைப் படிக்கலாம்?" என்று கேளுங்கள்.

காசு கொடுத்து வாங்க இரண்டு போதும்: பட்டமும் இடைவெளியும் சொல்லும் தமிழ்க் கையேடு ஒன்று, பூச்சிகளைத் தெளிவான வண்ணப் படங்களோடு காட்டும் நூல் ஒன்று. ஆடிப்பட்டத்தில் தொடங்குவதாக இருந்தால் வைகாசிக்குள் வாங்கிவிடுங்கள். ஆனியில் எரு கொட்டி மண்ணைக் கிளறும் வேலை வந்துவிடும், அப்புறம் படிக்க நேரம் இருக்காது.