சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தும் பேச்சு போய்ச் சேராதது ஏன்?

மொழிபெயர்ப்பாளரை வரவழைத்ததோடு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

“இவருக்கு எப்போதிலிருந்து வலி என்று கேளுங்கள்” என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்வது முதல் தவறு. “உங்களுக்கு எப்போதிலிருந்து வலி?” என்று காது கேளாதவரையே பார்த்துக் கேளுங்கள். அவர் பார்வை மொழிபெயர்ப்பாளர் பக்கமே இருக்கும். அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். அவர் கேட்பதே கண்ணால்தான்.

ஆகவே, யார் எங்கே உட்காருவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மொழிபெயர்ப்பாளர் பேசுபவரை ஒட்டி, காது கேளாதவருக்கு எதிரே இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கூடாது. எதிர்வெளிச்சத்தில் முகம் இருண்டுவிடும். கேள்வியா, மறுப்பா என்பதைப் பல இடங்களில் புருவமும் தலையசைப்புமே காட்டுகின்றன. கை மட்டும் தெரிந்தால் பொருளே மாறிப்போகும். ஸ்லைடு போடும்போது எல்லா விளக்குகளையும் அணைப்பதும் இதே தவறுதான்.

இன்னொன்று: அட்டவணையைத் திரையில் போட்ட கையோடு விளக்கத் தொடங்குவது. திரையைப் பார்த்தால் சைகை போகும், சைகையைப் பார்த்தால் திரை போகும். காட்டுங்கள், படிக்க விடுங்கள், பிறகு பேசுங்கள்.

மொழிபெயர்ப்பு சில விநாடிகள் பிந்தியே வரும். “ஏதாவது கேள்வி?” என்று கேட்டு உடனே அடுத்ததற்குத் தாவினால், காது கேளாதவர் கை தூக்கும்போது பேச்சு வேறெங்கோ போயிருக்கும். எழுதி வைத்ததை மடமடவென்று வாசித்தால் இன்னும் மோசம். உரை, பெயர்கள், சுருக்கங்கள், கலைச்சொற்களை முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு ஒருவரை மட்டும் அமர்த்தாதீர்கள். இருவர் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வதே வழக்கம். களைப்பு ஏற ஏறப் பிழை கூடும்.

“இதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்” என்று கேட்காதீர்கள். அறையில் பேசப்படும் எல்லாவற்றையும் சைகைக்குக் கொண்டுவருவதுதான் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் காது கேளாதவரின் மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைப்பது கொடுமை: பதறிப்போன பிள்ளை கெட்ட செய்தியை மென்று விழுங்கிவிடும்.

எந்தச் சைகை மொழி வேண்டும் என்பதைக் காது கேளாதவரிடமே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். அமெரிக்கச் சைகை மொழியும் பிரிட்டிஷ் சைகை மொழியும் வெவ்வேறு மொழிகள். காணொளிக் கூட்டமானால், மொழிபெயர்ப்பாளரின் கட்டத்தைக் காது கேளாதவர் தம் திரையில் நிலையாகப் பொருத்திவைக்க முடிகிறதா என்று தொடங்கும் முன்பே சரிபாருங்கள்.