ரேவ் படத்துக்குக் கருத்து எழுதும் முன் கவனிக்க வேண்டியவை

காலிக் கிடங்கிலோ வயல்வெளியிலோ அனுமதி இல்லாமல் விடிய விடிய நடக்கும் நடன இரவுதான் ரேவ். அதைப் பற்றிச் சிறிய முதலீட்டில் எடுத்த படம் எது வந்தாலும், பார்வையாளர் கருத்து பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஒன்று, கதையே இல்லை, ஒரே டொம் டொம் சத்தம். இன்னொன்று, நிஜ ரேவ் இப்படி இருக்காது. இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் எதைக் கேட்டு, எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது தெரியாததால் படிப்பவருக்கு அவற்றால் பயனில்லை. இந்த வகைப் படத்தில் கதையின் பாதி ஒலியில்தான் இருக்கிறது. அதை ஒழுங்காகக் கேட்காமல் எழுதும் கருத்து பாதிப் படத்துக்கான கருத்து.

முதலில் ஸ்பீக்கரைக் கவனியுங்கள். ரேவ் இசையில் கிக் டிரம் என்னும் கனத்த முரசின் அடி ஏறக்குறைய 50 முதல் 60 ஹெர்ட்ஸில் விழுகிறது. லேப்டாப், கைபேசி ஸ்பீக்கர்கள் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. அதனால் கிக்கின் கனம் போய் 'டிக் டிக்' என்ற மேல் ஓசை மட்டும் மிஞ்சும், பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி காணாமல் போகும். திரையில் ஆடுகிறவர்களை எது ஆட்டுவிக்கிறதோ அதுவே உங்கள் அறையில் இல்லை என்றால், அவர்கள் காரணமில்லாமல் குதிப்பதாகத்தான் தோன்றும். தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்-ஊஃபர் ஸ்பீக்கர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காதை முழுதாக மூடும் ஹெட்போன் போதும். டிவியில் பார்ப்பவர்கள் இரவு மோட், தானியங்கி ஒலியளவு, குரலைத் தெளிவாக்கும் வசதி மூன்றையும் அணைத்துவிடுங்கள். வெளியே தெருவில் அமைதி, கதவைத் திறந்ததும் பேரோசை என்று இயக்குநர் வைத்திருக்கும் வித்தியாசத்தை இந்த மூன்றும் சமமாக்கிவிடும்.

படத்திலும் ஒரு பொறி உண்டு. இருட்டு, புகை, வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு ஆகிய மூன்றும் ஸ்ட்ரீமிங்குக்குப் பரம எதிரிகள். வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தைய ஃபிரேமில் இருந்ததையே அடுத்ததிலும் பயன்படுத்தி இடத்தை மிச்சம் பிடிக்கிறது. ஸ்ட்ரோப் அடிக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமும் வேறாகிவிடுவதால் அது திணறி, கட்டம் கட்டமாக உடைகிறது. புகையில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. ஒளிப்பதிவு மட்டம் என்று எழுதும் முன் இணைய வேகத்தையும் தரத் தேர்வையும் பாருங்கள்.

ஸ்ட்ரோப் பற்றி இன்னொன்று. ஒளிமின்னலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு நொடிக்கு 3-க்கு மேற்பட்ட மின்னல்கள் ஆபத்தானவை. அத்தகைய காட்சி எந்த நிமிடத்தில் தொடங்கி எப்போது முடிகிறது என்று குறித்து, கருத்தின் தொடக்கத்திலேயே போடுங்கள். உங்கள் மற்ற வரிகளை யாரும் படிக்காமல் போனாலும் இந்த ஒரு வரி ஒருவரைக் காப்பாற்றும்.

இரண்டு முறை பாருங்கள். முதல் முறை குறிப்பெடுக்க வேண்டாம். இரண்டாம் முறை நடனக் காட்சிகளை மட்டும், கையில் தாளும் நிமிடக் கணக்குமாக.

வேகத்தை எண்ணுவது சுலபம். 15 நொடிக்கு கிக்கை எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். 32 அடி வந்தால் நிமிடத்துக்கு 128. ரேவ் இசை வகைகளில் ஹவுஸ் ஏறக்குறைய 120 முதல் 130 வரை, ஜங்கிள் 160-க்கு மேல். இரவு ஏற ஏற வேகமும் மாறுகிறதா, அல்லது பத்து மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் ஒரே மாதிரிப் பாட்டுதானா? நல்ல படத்தில் எண்களே நேரத்தைச் சொல்லும்.

அடுத்து, பேசுகிறவர்களின் குரல். படப்பிடிப்பில் வசனம் பதிவாகும்போது பாட்டு ஓடாது. தாளம் பிடிபடுவதற்காகச் சில நொடி ஒலிக்கவிட்டு நிறுத்திவிடுவார்கள், பின்னால் இருப்பவர்கள் மௌனத்தில் ஆடுவார்கள். பாட்டு பிறகு சேர்க்கப்படுகிறது. இதில்தான் பெரும்பாலான படங்கள் சறுக்குகின்றன. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு காதலர்கள் வீட்டுக் கூடத்தில் பேசுவதுபோல் மெல்லப் பேசுவார்கள். பின்வரிசையில் ஆளுக்கொரு தாளத்தில் தலையாட்டுவார்கள். நடிகர்கள் கத்துகிறார்களா, காதருகே குனிகிறார்களா, கழுத்து நரம்பு புடைக்கிறதா என்று பாருங்கள். இயக்குநர் அந்த இடத்தை அறிந்தவரா என்பதை இந்த ஒரு சோதனையே ஏறக்குறையச் சொல்லிவிடும்.

பாட்டுகளைக் கலந்து ஒலிக்கவிடும் டிஜேயின் கைகளையும் விடாதீர்கள். வைனில் இசைத்தட்டுக் காலத்துக் கதை என்றால் இரண்டு டர்ன்டேபிள், நடுவே மிக்ஸர், ஹெட்போன் ஒரு காதில் மட்டும். மறு காதில் அரங்கத்தின் ஒலி கேட்க வேண்டும், அதனால்தான் அப்படி. பெரும்பாலும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகை டர்ன்டேபிள் இருக்கும், அதன் வேகக் கட்டுப்பாடு கூட்டியோ குறைத்தோ 8 சதவீதம். 126-இல் உள்ள பாட்டை 130-க்குக் கொண்டுபோக 3 சதவீதத்துக்குச் சற்று மேல் தள்ளினால் போதும். ஆகவே விரல் மில்லிமீட்டர் கணக்கில் நகரும். கண்டபடி தட்டைக் கீறி, ஒரு தட்டின் ஒலியிலிருந்து மற்றதற்கு மாற்றும் குறுக்கு ஃபேடரை ஆட்டினால் அது ஹிப்ஹாப் கை, ஹவுஸ் கை அல்ல. ஹவுஸில் ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் மெல்லக் கரையும். 128 வேகத்தில் 32 பார் (ஒரு பாருக்கு 4 அடி) என்றால் 128 அடி, சரியாக ஒரு நிமிடம். படத்தொகுப்பில் அது சுருங்கத்தான் செய்யும். ஆனாலும் பழைய பாட்டின் அடியில் புதியது நுழைவதைக் கேட்கவாவது விடுகிறார்களா என்பதே கேள்வி.

நிஜம், பொய் என்ற தீர்ப்புக்கு முன் ஊரையும் வருடத்தையும் பொருத்துங்கள். 'க்ரூவ்' 2000-இல் வந்த அமெரிக்கப் படம். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு கிடங்கில் ஒரே இரவில் நடக்கிறது, டிஜே ஜான் டிக்வீட் ஜான் டிக்வீடாகவே நடிக்கிறார். அங்கே அழைப்பு மின்னஞ்சலில் போகிறது. அதை 1989-இன் லண்டன் புறவழிச்சாலை ரேவ்களோடு ஒப்பிட்டுப் பொய் என்பது பொருந்தாது. லண்டனில் சீட்டில் அச்சிட்ட தொலைபேசி எண்ணுக்கு அடித்து, பதிவுக்குரல் சொல்லும் இடத்துக்குக் கார்கள் வரிசையாகப் போன காலம் அது. 'பீட்ஸ்' 2019-இல் வந்தது, கதை நடப்பது 1994-இன் ஸ்காட்லாந்தில். படம் கறுப்பு வெள்ளையில் ஓடி, ரேவின் உச்சத்தில் வண்ணம் பீறிடுகிறது. வண்ணம் எந்த நொடியில் வருகிறது, அப்போது இசையில் என்ன மாறுகிறது என்று எழுதுபவரே அந்தப் படத்தைப் பற்றி எழுதுபவர்.

1994 என்ற வருடம் அங்கே சும்மா வரவில்லை. 1992 மே மாதம் இங்கிலாந்தின் காஸில்மார்ட்டன் பொதுவெளியில் பல்லாயிரம் பேர் கூடிய ஒரு வாரத்துக்குப் பிறகு பிரிட்டன் அரசு கைவைத்தது. 1994-இன் குற்றவியல் நீதிச் சட்டம், திறந்தவெளியில் இரவில் 100 பேரோ அதற்கு மேலோ கூடிப் பேரொலியில் இசை கேட்பதைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுத்தது. அந்த இசைக்கு, திரும்பத் திரும்ப வரும் தாள அடிகள் என்று விளக்கமும் எழுதினார்கள். ஒரு தாளத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியதன் கோபம் தெரியாமல் அந்தக் காலப் படத்தைப் பார்த்தால், பையன்கள் ஏன் இவ்வளவு துடிக்கிறார்கள் என்றே தோன்றும்.

பொருட்களையும் சரிபாருங்கள். 1990-களின் தொடக்கக் கதையில் வைனில் வேண்டும். டிஜேக்கள் சிடியை வைத்து இசைக்கும் பயனீர் சிடிஜே-1000 வந்ததே 2001-இல்.

'பாத்திரங்களில் ஆழமில்லை' என்பதை எழுதும் முன் ஒரு பட்டியல் போடுங்கள். ஜெனரேட்டரை யார் கொண்டுவருகிறார், ஸ்பீக்கரை யார் தூக்குகிறார், வாசலில் யார், மயங்கியவனுக்குத் தண்ணீர் கொடுப்பது யார், காலையில் குப்பை பொறுக்குவது யார்? இந்தப் படங்களில் பலவேளை நாயகன் ஒருவன் இல்லை, கூட்டமே நாயகன். பட்டியலில் ஒருவரும் தேறவில்லை என்றால் தாராளமாகக் குறை சொல்லுங்கள். போதைப்பொருள் காட்சிகளுக்கும் இதே அளவுகோல்தான். தூண்டுகிறது என்று ஒரு சொல்லில் முடிக்காமல், உடல் சூடேறுவதையும் மறுநாள் சோர்வையும் காட்டியதா, மறைத்ததா என்று எழுதுங்கள்.

எழுதும்போது முதல் வரியில் எதில் பார்த்தீர்கள், எதில் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். 300 முதல் 400 சொற்கள் போதும். ஒரு காட்சியையாவது நிமிடத்தோடு எடுத்து, அதில் கேட்டதை எழுதுங்கள். போலீஸ் வந்து நிறுத்தியதா இல்லையா என்பதைச் சொல்லிவிடாதீர்கள், படத்தின் பதற்றமே பெரும்பாலும் அதில்தான்.

நண்பர்கள் கூடிப் பார்ப்பதானால் படம் முடிந்ததும் பேச்சைத் தொடங்காதீர்கள். ஆளுக்கொரு தாள், பத்து நிமிடம், மூன்று கேள்விகள்: எந்த நிமிடத்தில் கால் தானாக ஆடியது, எங்கே நம்ப முடியவில்லை, யாரை மறக்க முடியவில்லை. முதலில் பேசவிட்டால் உரக்கப் பேசுகிறவரின் கருத்தே எல்லார் கருத்தாகிவிடும். தாள்களை வாங்கியபின், முன்பு இப்படிப்பட்ட இரவில் ஆடியவர்களுடையதைத் தனியாகவும் ஆடாதவர்களுடையதைத் தனியாகவும் அடுக்குங்கள். இரண்டு அடுக்கிலும் ஒரே நிமிடம் வந்திருந்தால், பேச்சை அந்தக் காட்சியிலிருந்து தொடங்கலாம்.