யாரோடு யார்? இணைமேற்கோள் வழியே ஓர் ஆய்வுத் துறைக்கு வரைபடம் போடுவது எப்படி

பத்து வீட்டுக் கல்யாணங்களுக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று எழுதிய பட்டியல்கள் உங்கள் கைக்கு வந்தால், ஊரைப் பார்க்காமலேயே ஊரின் உறவுமுறையைப் பாதி சொல்லிவிடலாம். எட்டுப் பட்டியல்களில் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வந்தால் அவர்கள் பங்காளிகளாகவோ ஒரே தெருக்காரர்களாகவோ இருப்பார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளாகவும் இருக்கலாம். பட்டியல் அதைச் சொல்லாது.

ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் வரும் துணைநூற் பட்டியலும் இப்படித்தான். ஒரே கட்டுரை இரண்டு அறிஞர்களை மேற்கோள் காட்டினால் அது ஓர் இணைமேற்கோள். இப்படிச் சேர்த்துக் காட்டுகிற கட்டுரைகள் பெருகப் பெருக, அந்த இருவரும் வரைபடத்தில் நெருங்கி வருவார்கள். அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்திருக்க வேண்டும் என்பதில்லை. அவர்களைச் சேர்த்து வைப்பவர்கள் பின்னால் வந்து எழுதுகிறவர்கள்தான். இது மனத்தில் நின்றுவிட்டால் மீதி வேலையில் பாதித் தவறுகள் குறையும்.

இந்த எண்ணம் முதலில் கட்டுரைகளுக்காகத்தான் பிறந்தது. 1973இல் அமெரிக்காவில் ஹென்றி ஸ்மாலும் சோவியத் ஒன்றியத்தில் இரினா மார்ஷக்கோவாவும் தனித்தனியாக இதை முன்வைத்தார்கள். 1981இல் ஃபிலடெல்ஃபியாவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்டு ஒயிட்டும் பெல்வர் கிரிஃபித்தும் கட்டுரைக்குப் பதில் ஆசிரியரை அலகாக எடுத்துக்கொண்டு, தகவல் அறிவியல் துறையின் 39 பேரை வைத்து ஒரு வரைபடம் போட்டார்கள். இங்கே ‘ஆசிரியர்’ என்றால் ஆள் அல்ல. அந்தப் பெயரில் வெளிவந்த எழுத்து மொத்தமும். நாமும் அதே துறையைப் பயிற்சிக் களமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் பென்சில்

மென்பொருளைத் திறக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பெயர்கள்: தகவல் மீட்பில் (குவிந்து கிடக்கும் ஆவணங்களிலிருந்து வேண்டியதைத் தேடி எடுக்கும் துறை) சால்ட்டன், ஸ்பார்க் ஜோன்ஸ், மேற்கோள் ஆய்வில் கார்ஃபீல்டு, பிரைஸ். ஐந்து கட்டுரைகள் இவர்களை மேற்கோள் காட்டுவதாக வைத்துக்கொள்வோம் (பெயர்கள் உண்மையானவை, கட்டுரைகள் கணக்குப் பழக நான் இட்டுக்கட்டியவை).

கட்டுரை 1: சால்ட்டன், ஸ்பார்க் ஜோன்ஸ்
கட்டுரை 2: சால்ட்டன், ஸ்பார்க் ஜோன்ஸ், கார்ஃபீல்டு
கட்டுரை 3: கார்ஃபீல்டு, பிரைஸ்
கட்டுரை 4: கார்ஃபீல்டு, பிரைஸ், சால்ட்டன்
கட்டுரை 5: கார்ஃபீல்டு, பிரைஸ்

இப்போது ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை கட்டுரைகள் என்று எண்ணுங்கள். கார்ஃபீல்டு – பிரைஸ் 3. சால்ட்டன் – ஸ்பார்க் ஜோன்ஸ் 2. சால்ட்டன் – கார்ஃபீல்டு 2. சால்ட்டன் – பிரைஸ் 1. ஸ்பார்க் ஜோன்ஸ் – கார்ஃபீல்டு 1. ஸ்பார்க் ஜோன்ஸ் – பிரைஸ் 0. இந்த எண்களை நான்குக்கு நான்கு கட்டத்தில் எழுதினால் அதுதான் இணைமேற்கோள் அணி. மூலைவிட்டத்தைக் காலியாக விடுங்கள்; ஒருவர் தன்னோடு தானே எத்தனை முறை வருகிறார் என்ற கேள்விக்கு இங்கே பொருள் இல்லை.

ஒரு கட்டுரை ஒருவரின் ஐந்து நூல்களைக் காட்டினாலும் கணக்கில் அது ஒன்றுதான். தொடக்கத்தில் பலரும் சறுக்கும் இடம் இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சால்ட்டனுக்கு ஸ்பார்க் ஜோன்ஸோடும் 2, கார்ஃபீல்டோடும் 2. இருவரும் அவருக்குச் சம தூரமா? கார்ஃபீல்டு நான்கு கட்டுரைகளில் வருகிறார். எல்லாப் பந்தியிலும் உட்காருகிறவர் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டவராகத்தான் தெரிவார். ஸ்பார்க் ஜோன்ஸ் வருவதே இரண்டில்தான்; இரண்டிலும் சால்ட்டன் பக்கத்தில் இருக்கிறார். இந்த வேறுபாட்டைப் பிடிக்கத்தான் இயல்பாக்கம். இருவரும் தனித்தனியே எத்தனை கட்டுரைகளில் வருகிறார்கள் என்ற எண்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, இணைமேற்கோள் எண்ணை அதனால் வகுக்க வேண்டும். சால்ட்டன் (3), ஸ்பார்க் ஜோன்ஸ் (2): 2 ÷ √6 = 0.82. சால்ட்டன் (3), கார்ஃபீல்டு (4): 2 ÷ √12 = 0.58. சமமாக நின்றவர்கள் விலகிவிட்டார்கள். இதற்குக் கோசைன் அளவு என்று பெயர். தகவல் மீட்பில் இதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் இதே சால்ட்டன்தான். அவர் தராசிலேயே அவரை நிறுத்துகிறோம்.

பழைய ஆய்வுகளில், இரண்டு எண் வரிசைகள் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்று அளக்கும் பியர்சன் ஒட்டுறவுக் கெழுவைப் பயன்படுத்தியிருப்பார்கள். அது சரியா என்று 2003இல் ஆல்கிரென், யார்னவிங், ருசோ மூவரும் கேள்வி எழுப்ப, பெரிய விவாதமே நடந்தது. முதல் வரைபடத்துக்கு அந்தச் சண்டைக்குள் நீங்கள் போக வேண்டியதில்லை.

தரவு திரட்டுதல்

ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் துணைநூற் பட்டியல்களையும் சேர்த்து வைத்திருக்கும் வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்துக்கு உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். அதே போன்ற ஸ்கோப்பஸ் இருந்தாலும் போதும். தேடுவதற்கு முன், எந்த இதழ்கள், எந்த ஆண்டுகள் என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். ‘சயின்டோமெட்ரிக்ஸ்’ இதழை மட்டும் எடுத்தால் மேற்கோள் ஆய்வாளர்கள் கூட்டமாக வருவார்கள், தகவல் மீட்புக்காரர்கள் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். அதைப் பார்த்து ‘இத்துறையில் தகவல் மீட்புக்கு மதிப்பில்லை’ என்று முடிவுரை எழுதினால் அது உங்கள் சல்லடை சொன்ன செய்தி, துறை சொன்னதல்ல. ஒயிட்டும் கேத்ரின் மெக்கெயினும் 1998இல் வெளியிட்ட வரைபடத்துக்கு 12 இதழ்களை, 1972 முதல் 1995 வரை, எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் இரண்டு மூன்று இதழ்கள், பத்து ஆண்டுகள் என்று தொடங்கலாம்.

தரவிறக்கும்போது முழுப் பதிவோடு துணைநூற் பட்டியலும் சேர்ந்த வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை விட்டுவிட்டால் பின்னால் எதுவும் நடக்காது. வெப் ஆஃப் சயின்ஸில் இந்த வடிவில் ஒரு தடவைக்கு 500 பதிவுகள்தான் கிடைக்கும். எண் வரிசையில் கோப்புகளுக்குப் பெயரிட்டுச் சேமியுங்கள்.

பெயர்களோடு மல்லுக்கட்டு

நேரத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். என் முதல் வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்த வீடு போல ஒட்டிக்கொண்டு நின்றன. நெருங்கிய கூட்டாளிகள் என்று நினைத்து இரண்டு பத்தி எழுதியும்விட்டேன். ஒன்று ‘ஸ்பார்க் ஜோன்ஸ் கே.’, மற்றொன்று ‘ஜோன்ஸ் கே.எஸ்.’. இருவரும் ஒரே ஆள், கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்! டெரெக் டி சோலா பிரைஸ் இதைவிடப் பெரும்பாடு: ‘பிரைஸ்’ என்றும் வருவார், ‘டி சோலா பிரைஸ்’ என்றும் வருவார், முதலெழுத்துகளும் இடத்துக்கு இடம் மாறும்.

நம் ஊர்ப் பெயர்களில் சிக்கல் தலைகீழ். ஒருவர் பலராகப் பிரிவதோடு, பலர் ஒருவராகவும் ஒட்டிக்கொள்வார்கள். ‘குமார் எஸ்.’ என்ற ஒரு புள்ளிக்குள் எத்தனை குமார்கள் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? முதலெழுத்தை விரித்து எழுதிய இடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். மகன் எழுதிய கட்டுரைக்கு அப்பாவுக்கு மேற்கோள் போய்ச் சேரும். இந்திய ஆய்வுகளை வரைபடமாக்க நினைப்பவர்கள் இதற்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

பிரிந்து கிடக்கும் பெயர்களைச் சேர்ப்பது எளிது. வரைபடம் போட நாம் பயன்படுத்தப்போகும் வாஸ்வியூவர் மென்பொருள், ஒரு சொல்மாற்றுக் கோப்பை ஏற்றுக்கொள்ளும். இரண்டே பத்திகள்: இடப்பக்கம் தரவில் உள்ள பெயர், வலப்பக்கம் அதற்கு மாற்றாக வர வேண்டிய பெயர். நடுவில் டேப். தலைப்பு வரியில் ‘லேபிள்’, ‘ரீப்ளேஸ் பை’ ஆகிய சொற்களை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். ஒட்டிக்கொண்ட குமார்களைப் பிரிக்க இப்படி ஒரு குறுக்குவழி கிடையாது; மூலப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொரு குறை, தரவுத்தளத்தோடு பிறந்தது. வெப் ஆஃப் சயின்ஸின் மேற்கோள் வரிகளில் முதல் ஆசிரியர் பெயர்தான் இருக்கும். ஒயிட்டும் கிரிஃபித்தும் சேர்ந்து எழுதிய அந்த 1981 கட்டுரையை ஆயிரம் பேர் காட்டினாலும் எண்ணிக்கை ஒயிட்டுக்கே போகும். இந்த முறையை உருவாக்கிய இருவரில் ஒருவரை இந்த முறையே கண்டுகொள்ளாது.

வரைதல்

வாஸ்வியூவர் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் நீஸ் யான் வான் எக்கும் லூடோ வால்ட்மனும் உருவாக்கிய இலவச மென்பொருள். அதைத் திறந்து, புதிய வரைபடம் உருவாக்கும் ‘கிரியேட்’ பொத்தானை அழுத்துங்கள். நூலடைவுத் தரவு என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, சேமித்த கோப்புகளைக் கொடுங்கள். பகுப்பாய்வு வகை ‘கோ-சைட்டேஷன்’, அலகு ‘சைட்டட் ஆதர்ஸ்’. சொல்மாற்றுக் கோப்பையும் அதே திரையில் இணைத்துவிடுங்கள். அடுத்து, குறைந்தது எத்தனை மேற்கோள் பெற்றவர்கள் வேண்டும் என்று கேட்கும். ஐம்பது முதல் நூறு பேர் தேறும்படி அந்த எண்ணைக் கூட்டிக் குறையுங்கள். அதற்கு மேல் போனால் பார்வைக்கு அழகான பூக்கோலம் கிடைக்கும், படிக்க முடியாது.

இயல்பாக்கத்தை மென்பொருளே செய்துகொள்ளும். அதன் வழக்கமான சூத்திரத்தில் வர்க்கமூலம் கிடையாது, பெருக்கலோடு நின்றுவிடும். நம் தாள் கணக்கில் 2/6, 2/12 என்று வரும். சால்ட்டன் அப்போதும் ஸ்பார்க் ஜோன்ஸ் பக்கம்தான்.

படித்தல்

புள்ளி பெரிதாக இருந்தால் மேற்கோள் அதிகம். ஒரே நிறத்தில் இருப்பவர்கள் ஒரு கொத்து. இடைவெளிதான் செய்தி. மேல், கீழ், இடம், வலம் ஆகியவற்றுக்குப் பொருளே இல்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே வரைபடம்தான். ‘மேலே இருப்பதால் முன்னோடி’ என்று எழுதிய ஆய்வேட்டை நான் படித்திருக்கிறேன்.

1998 வரைபடத்தில் 120 பேர். தகவல் மீட்பு ஒரு பக்கம், மேற்கோள் ஆய்வு ஒரு பக்கம் என்று துறை இரண்டாகப் பிரிந்து நின்றது. நடுவில் ஆள் நடமாட்டம் குறைவு. கரையோரமெல்லாம் ஊர்கள், உள்நாடு வெறிச்சோடிக் கிடக்கும் ஆஸ்திரேலியாவோடு அதை ஒப்பிட்டார்கள் அதன் ஆசிரியர்கள். உங்கள் படத்திலும் முதலில் காலி இடத்தைத் தேடுங்கள். பிறகு அந்த இடத்தில் தனியாக நிற்கும் ஓரிரு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்று எழுதத் தொடங்கியவர்கள் இதில் தெரிய மாட்டார்கள். மேற்கோள் சேர ஆண்டுகள் ஆகும். இன்றைய ஆய்வாளர்களை வரிசைப்படுத்த வேண்டுமானால் கெஸ்லர் 1963இல் சொன்ன நூலடைவு இணைப்பு முறையை எடுங்கள்: ஒரே நூல்களைக் காட்டும் இரண்டு கட்டுரைகள் உறவு என்பது அதன் கணக்கு.

கொத்துகளுக்குப் பெயர் வைக்கும் வேலையை மென்பொருளிடம் விடாதீர்கள். ஒரு கொத்தில் வலுவாக இணைந்த இரண்டு பெயர்களை எடுங்கள். தரவில் அந்த இருவரையும் காட்டும் கட்டுரைகளைத் தேடி, ஐந்தாறையாவது திறந்து, பெயர்கள் வரும் வாக்கியங்களைப் படியுங்கள். சில இடங்களில் ‘இவரும் அவரும் காட்டியபடி’ என்று இருக்கும். சில இடங்களில் ‘இவர் சொன்னதை அவர் மறுத்தார்’ என்று இருக்கும். அணியில் இரண்டுக்கும் எண் ஒன்றுதான். எது எத்தனை என்று தாளின் ஓரத்தில் குறித்துவிட்டு, அதன் பிறகு கொத்துக்குப் பெயர் எழுதுங்கள்.