நுரை பொங்கினால் முதலில் மேல் இம்பெல்லரைப் பாருங்கள்

மட்டக்களப்புப் படுவான்கரை எருமைத் தயிரில் வடித்த தண்ணியையோ நெல் தவிட்டுக் கரைசலையோ பயோரியாக்டரில் (நுண்ணுயிர் வளர்க்கும் கலக்குப் பாத்திரத்தில்) ஊற்றிக் காற்றைத் திறந்தால் நுரை பொங்கத்தான் செய்யும். கரைந்த புரதம் குமிழின் மேல் தோல்போலப் படிந்து அதை உடைய விடாது. உடனே சிலிக்கோன் எண்ணெய் விடுவதுதான் எல்லாரும் செய்வது. ஆனால் அது ஒட்சிசன் கரைவதைக் குறைக்கும், பிறகு வடிகட்டும்போது மென்படலத்தையும் அடைக்கும்.

பல பாத்திரங்களில் சுழலும் தண்டின் மேலும் கீழும் ரஷ்டன் இம்பெல்லர்தான் (வட்டத்தட்டின் விளிம்பில் நிமிர்ந்த தகடுகள் உள்ள கலக்கி) இருக்கும். கீழே அது சரி: ஸ்பார்ஜரில் (அடியில் காற்று விடும் துளைக்குழாயில்) வரும் காற்றை நன்றாகச் சிதைக்கும். மேலே அதே இம்பெல்லர் திரவத்தைப் பக்கவாட்டில் வீசி, மேற்பரப்பைக் குழப்பி, புதுக்காற்றையும் உள்ளே இழுத்து நுரையாக்கும். மேலுள்ளதைக் கழற்றி, 45 பாகை சரிந்த நான்கு அலகு (தகடு) உள்ள இம்பெல்லரைக் கீழ்நோக்கித் தள்ளும்படி மாட்டுங்கள். அது நுரையைத் தண்டோரமாக உள்ளே இழுத்து நனைக்கும்.

உள்விட்டம் 16 சென்ரிமீற்றர் உள்ள 5 லீற்றர் பாத்திரத்துக்கு 3 லீற்றருக்கு மேல் ஊற்ற வேண்டாம். மட்டம் 15 சென்ரிமீற்றரில் நிற்கும். இம்பெல்லர் விட்டம் ஏறக்குறைய 5.3 சென்ரிமீற்றர். ரஷ்டன் அடியிலிருந்து 5, மற்றது 11 சென்ரிமீற்றர் உயரத்தில். நான்கு பஃபிள்களும் (உட்சுவரோரம் நிற்கும் தடுப்புத் தகடுகளும்) இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை உறிஞ்சும்.

அதிகம் பிழைப்பது திசையில்தான். தண்டு சுற்றும்போது அலகின் மேல் விளிம்பு முந்திப் போக வேண்டும். தலைகீழாக மாட்டினால் மேல்நோக்கித் தள்ளும். கிருமியழிப்புக்கு முன் வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை உமி தூவி, காற்றில்லாமல் ஓட்டிப் பாருங்கள். உமி தண்டுக்குக் கிட்ட வந்து கீழே போனால் சரி. விளிம்புக்கு ஒதுங்கினால் கழற்றித் திருப்புங்கள்.

காற்றை நிமிடத்துக்கு 1.5 லீற்றரில் தொடங்குங்கள். சரிந்த அலகு ரஷ்டனின் வலுவில் கால்வாசி அளவே இழுக்கும் என்பதால் ஒட்சிசன் சற்று இறங்கும். காற்றைக் கூட்டாமல் நிமிடச் சுற்றை 50, 50 ஆகக் கூட்டுங்கள். சுற்றைக் கண்டபடி குறைத்தாலும் வில்லங்கம்: ரஷ்டன் காற்றில் மூழ்கி, பெரிய குமிழ்கள் தண்டோரம் ஏறி மேலே வெடிக்கும்.

இதற்கும் அடங்காவிட்டால் மட்டும் நுரை எதிர்ப்பி (அந்தச் சிலிக்கோன் எண்ணெய்), 3 லீற்றருக்கு 0.3 மில்லிலீற்றர், துளித்துளியாக. வெளியேறும் காற்றின் பில்டர் நனையும் வரை காத்திருக்க வேண்டாம். நனைந்தால் அடைத்து அழுத்தம் ஏறும், கிருமியும் புகும்.

மாதிரி எடுப்பதையும் கணக்கில் வையுங்கள். இந்தப் பாத்திரத்தில் 200 மில்லிலீற்றர் எடுத்தால் மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கும். மேல் இம்பெல்லருக்கு மேலே இருப்பதே 4 சென்ரிமீற்றர்தான்.