நாலு ஜாடியில் ஒரு கனடா ஏரி: பள்ளிப் பிள்ளைகளுக்கான செய்முறை

கனடா-அமெரிக்க எல்லையில் இருக்கும் ஈரி ஏரியை 1960-களில் 'செத்த ஏரி' என்றே சொன்னார்கள். கரையெங்கும் பாசி, அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் இல்லை. சாக்கடையோடு வந்து சேரும் பாஸ்பரஸ்தான் காரணம், அதில் பெரும்பங்கு சலவைத்தூள் போடுவது என்றார்கள் விஞ்ஞானிகள். இல்லை, கார்பன்தான் காரணம் என்று சோப்புக் கம்பெனிகள் தரப்பில் சாதித்தார்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகள் இதை ஜாடியில் வைத்தே பார்த்துவிடலாம். மூன்று வாரம் ஆகும்.

தேவையானவை: ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி நான்கு, ஓரளவு தெளிந்த குளத்துத் தண்ணீர், யூரியா (நைட்ரஜன் உரம்), டிஏபி (நைட்ரஜனோடு பாஸ்பரஸும் உள்ள உரம்), படிகாரத் தூள், மெல்லிய துணி, கையுறை.

படி 1: கரைசல். கால் டீஸ்பூன் யூரியாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். டிஏபியையும் பொடித்து, அதே அளவு எடுத்துத் தனியாகக் கரையுங்கள். டிஏபி முழுசாகக் கரையாது. மேலாக வடித்தால் போதும். உரத்தை நேரடியாக ஜாடியில் கொட்ட வேண்டாம். அளவு மிஞ்சினால் பாசி வளராது, செத்துப்போகும்.

படி 2: படிகாரம். டிஏபி கரைசலில் ஒரு டம்ளர் எடுத்து, கால் டீஸ்பூன் படிகாரத் தூளைக் கலக்கி இரவு முழுக்க விடுங்கள். வெள்ளையாகத் திரண்டு அடியில் படியும். அந்த வண்டலில்தான் பாஸ்பரஸ் சிக்கியிருக்கிறது. கழிவுநீர் நிலையங்களில் இதே வேலையை அலுமினிய, இரும்பு உப்புகளால் செய்கிறார்கள். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஜாடிகள். நான்கிலும் குளத்துத் தண்ணீரை நிரப்புங்கள். முதல் ஜாடி சும்மா இருக்கட்டும். மற்ற மூன்றிலும் ஒரு டீஸ்பூன் யூரியா கரைசல். அப்புறம் மூன்றாவதில் மட்டும் ஒரு டீஸ்பூன் டிஏபி கரைசல், நான்காவதில் படிகாரம் போட்டுத் தெளிந்தது ஒரு டீஸ்பூன். கொசு முட்டையிடாதபடி வாயைத் துணியால் கட்டி, வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். கார்பன் காற்றிலிருந்தே எல்லா ஜாடிக்கும் கிடைத்துவிடும்.

படி 4: பந்தயம். எது பச்சையாகும் என்று ஒவ்வொரு பிள்ளையும் இப்போதே எழுதி வைக்கட்டும். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் அத்தனையும் வீண்.

படி 5: கவனிப்பு. ஒரு தாளில் கறுப்பு மையால் 'அ' என்று எழுதி, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஜாடிக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, மங்கலா, தெரியவே இல்லையா என்று குறித்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். பொதுவாக 'அ' முதலில் மறைவது மூன்றாவது ஜாடியில். நான்குமே பச்சையானால், குளத்திலேயே பாஸ்பரஸ் நிறைய இருந்திருக்கிறது. பாதிக்குப் பாதி மழைநீர் கலந்து மறுபடி செய்யுங்கள்.

படி 6: வரலாறு. இதை ஜாடி முடிவு தெரிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். வடமேற்கு ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரி ஒன்று இருக்கிறது. உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கியது. 1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அந்த இடுப்பில் ஒரு திரையைக் கட்டி, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகப் பூத்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைக் கட்டாயம் காட்டுங்கள். அதைப் பார்த்தபின் பெரிதாக விளக்க ஒன்றுமிருக்காது.

ஆனால் கனடா அந்தப் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்கு 1970-இலேயே வரம்பு வைத்தது. 1972 ஏப்ரலில் கனடாவின் அன்றைய பிரதமர் பியர் ட்ரூடோவும் (இப்போதைய தலைமுறைக்குத் தெரிந்த ஜஸ்டின் ட்ரூடோவின் அப்பா) அமெரிக்க அதிபர் நிக்சனும் ஒட்டாவாவில், ஈரியும் சேர்ந்த பேரேரிகளுக்கான நீர்த்தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஈரி தேறியது. ஆனால் வயல் உரம் வழிந்து வர, பாசியும் திரும்பி வந்தது. 2014 ஆகஸ்டில் அமெரிக்கக் கரையிலுள்ள டொலீடோ நகரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்படியானால் விவசாயியை என்ன செய்யச் சொல்வது? இதை வகுப்பில் விவாதத்துக்கு விடுங்கள், சலவைத்தூளைப் போல லேசில் முடியாது.

படி 7: அப்புறப்படுத்துதல். பச்சைத் தண்ணீரில் நச்சுப்பாசி இருக்கலாம். கையுறை போட்டு, குளத்தில் கொட்டாமல் பூச்செடிகளின் வேரில் ஊற்றுங்கள். கீரை, காய்கறிப் பாத்தி வேண்டாம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.